அப்பா குளிக்கிறார்

பெயின்ட் கடை தாசையன் ஒரு செவ்வாய்க்கிழமை விடியக்காலம் இறந்துபோனார். விழிஞ்ஞம் ஜங்ஷன் தொட்டு முல்லூர் வரைக்கும் இது எல்லாருக்கும் தெரியும். தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அதே செவ்வாய்க்கிழமை மத்தியானம், 'நான் நல்ல உடல்நலத்தோடு இருக்கிறேன், எனக்கு எந்த நோயும் இல்லை' என்று தாசையன் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உறுதிமொழி கொடுத்தார். கொடுத்த நேரத்தில் அவர் ஆஸ்பத்திரி மார்ச்சுவரியில் பிரீசருக்குள் இருந்தார். அவருக்குப் பதிலாக டிக் போட்டது அவருடைய மகள் பிஜி.

பிஜியைக் கெட்டவள் என்று நினைத்துவிட வேண்டாம். அவளுக்குக் கைவேகம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஜங்ஷனில் ஓமனா சேச்சி நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு வருஷமாக வேலை. ரேஷன் கார்டா, வருமானச் சான்றிதழா, கரண்டு பில்லா, பென்ஷனா, எதுவானாலும் அவள் முன்னால் வந்து உட்கார்ந்தால் போதும். "மாமா, போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்பாள். மாமா கண்ணாடியைத் தேடி எடுத்துச் சொல்லி முடிப்பதற்குள் அவள் தட்டி முடித்திருப்பாள். 'மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று உறுதியளிக்கிறேன்' என்று திரையில் வரும் கட்டத்தில் ஒரு டிக். இப்படி ஊர்க்காரர்களுக்காக எத்தனையோ உண்மைகளை அவள் உறுதி செய்திருக்கிறாள். ஒன்றையும் படித்ததில்லை. படித்துக்கொண்டிருந்தால் வெளியே நிற்கும் கூட்டம் சும்மா இருக்குமா?

அன்று காலை அம்மா நேசமணி கட்டன்சாயா கொண்டுபோய்க் கூப்பிட்டபோது அப்பா எழும்பவில்லை. இரண்டு வீடு தள்ளியிருக்கும் டாக்டர் கட்டின லுங்கியோடு ஓடிவந்து, நாடியைப் பிடித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். முந்தின நாள் சாயங்காலம்கூட கிளப் பையன்களின் வாலிபால் ஆட்டத்துக்கு விசில் ஊதிவிட்டு வந்த மனுஷன். அண்ணன் விபின் ஷார்ஜாவில் இருந்தான். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தர் கல்ஃபில் இருப்பதால், ஒரு சாவு நடந்தால் ஜனங்கள் முதலில் கேட்பது 'மகன் எப்ப வருவான்' என்று, அடுத்தது 'பிரீசர் கெடச்சாச்சா' என்று. விபின் வெள்ளிக்கிழமைதான் வந்து சேர முடியும் என்றான். வெயில் ஏறுவதற்குள் ஆம்புலன்ஸ் அப்பாவைக் கொண்டுபோய்விட்டது. பிஜிக்குக் கட்டிப்பிடித்து அழுவதற்கு ஓர் உடம்புகூட வீட்டில் இல்லை.

சொந்தக்காரர்களுக்குச் சொல்லும் பொறுப்பு அவளுக்கு வந்தது. அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு அடுக்களையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். படிக்காத மெசேஜ்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. அப்பா மெசேஜ் படிக்கும் ரகம் இல்லை. 'வேணும்ங்கிறவன் கூப்பிடுவான்' என்பார். மாவேலிக்கரை மாமாவுக்கும் பாறசாலை சித்திக்கும் நடுவில் புதிதாக ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. உங்கள் பாலிசி காலாவதியாகி ஐந்து மாதம் ஆகிறது, இன்றே புதுப்பித்துக்கொள்ளுங்கள், கீழே தொடுங்கள்.

பிஜி அடுத்த நம்பரைக் கூப்பிட மறந்தாள். அந்தப் பாலிசியை அந்த வீட்டில் அறியாதவர் இல்லை. விபினின் விசாவுக்காக வீட்டின் பேரில் கூட்டுறவு பேங்கில் லோன் எடுத்த நாள் முதல் அப்பா சொல்லும் சொல் ஒன்று உண்டு. "எனக்கு என்ன வந்தாலும் பாலிசி கெடக்கு. உங்க அம்மை இந்த வீட்ட விட்டு எறங்காண்டாம்." பேங்க்காரர் ஒருமுறை வீட்டுக்கு வந்தபோதும் இதைத்தான் சொன்னார், சிரித்துக்கொண்டு.

தவணையை முறையாகக் கட்டி வந்தவர் ஏஜென்ட் சத்தியதாஸ். சபைப் பாட்டுக்குழுவில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவர். தவணை வந்தால் அவர் கடைக்கு வருவார், சாயா குடிப்பார், பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவார், ஞாயிற்றுக்கிழமை சபைக் கோயில் வாசலில் ரசீதைக் கொடுப்பார். பதினேழு வருஷம் இப்படித்தான் நடந்தது. அப்பாவைப் பொறுத்தவரை பாலிசி என்றால் கம்பெனி இல்லை, சத்தியதாஸ். அந்த மனுஷன் கண் ஆபரேஷனுக்காகப் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போனபோது, அப்பா தவணைப் பணத்தை ஒரு கவரில் போட்டுக் கடை மேஜையில் வைத்துவிட்டு 'சத்தியதாஸ் வரட்டு' என்று காத்திருந்தார். வேறு ஆள் கையில் கொடுத்தால் சத்தியதாசுக்கு மனம் நொந்துவிடும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. சத்தியதாஸ் வரவில்லை.

அடுத்து என்ன செய்தாள் என்று கேட்டால் பிஜிக்கே ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. மெசேஜைத் தொட்டாள். பிறந்த தேதி கேட்டது, கொடுத்தாள். பாக்கியையும் வட்டியையும் காட்டியது, தன் கணக்கிலிருந்து கட்டினாள். உடல்நலத்தைப் பற்றி ஒரு நீளமான பக்கம் வந்தது, வழக்கம்போல நேராக அடிக்குப் போய் டிக் போட்டாள். அப்பாவின் போனுக்கு வந்த நம்பரை அப்பாவின் போனிலேயே அடித்தாள். ஊரார் அத்தனை பேருக்கும் ஓடிய விரல் சொந்த அப்பனுக்கு ஓடாமல் இருக்குமா?

'அன்புள்ள தாசையன், வாழ்த்துகள். உங்கள் பாலிசி மறுபடி நடப்புக்கு வந்துவிட்டது' என்று பதில் வந்தது. அதன் கீழே தேதி. தேதிக்குப் பக்கத்தில் மணியும் நிமிஷமும்.

அதைப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது. வந்த பயம் லேசுப்பட்ட பயம் இல்லை. போன வருஷம் பக்கத்து ஜங்ஷனில் இதே மாதிரி ஒரு சென்டரில் வேலை பார்த்த பையன் பொய்ச் சான்றிதழ் போட்டு மாட்டினான். போலீஸ் ஜீப்பில் அவனை ஏற்றும்போது அவன் அம்மா நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். பிஜி அதை சென்டர் வாசலில் நின்று பார்த்தவள். இப்போது கண்ணை மூடினால் அந்த ஜீப்புக்குள் தான் உட்கார்ந்திருப்பதும், பின்னால் ஓடிவருவது தன் அம்மா என்பதும் தெரிந்தது. அழ வேண்டிய நேரத்தில் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. வந்து போனவர்கள், "பாவம், மோளு மரத்துப் போச்சு" என்று பேசிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை விபின் வந்தான். சனிக்கிழமை அடக்கம். மண் போடும்போதுகூட பிஜிக்குக் கண்ணீர் வரவில்லை. கூட்டத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் நின்றார், ஆட்டோக்காரர்தான், ஆனாலும் அவர் மேலேயே இவள் கண் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிணற்றடியில் வைத்து அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

விபின் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தான். "அப்பா வீட்டில தான இறந்தாரு? ஆஸ்பத்திரியில இல்லல்லா? பின்னே என்னத்துக்குடி பேடிக்கிய? வீட்டில இறந்தா டேட் நாம சொல்லுகதுதான். செவ்வாய்க்குப் பதிலா புதன்னு போடு. தீந்துல்லா."

"மார்ச்சுவரியில எழுதியிருக்கு அண்ணா."

"அந்தச் சீட்டு நம்ம கையில. அதக் கிழிச்சுப் போடு. அங்க யாரு போய் நோக்கப் போறா? ஒரு நாளு. ஒரே ஒரு நாளு அப்பாவுக்குக் கூட்டிப் போடுகம், அவ்வளவுதான்."

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. அப்பாவுக்கு ஒரு நாள் கூடுதல். யாருக்கு நஷ்டம்? விபின் எப்போதும் இப்படித்தான், வழியைச் சொல்லிவிட்டு விமானம் ஏறுகிற ஆள். லீவு இல்லை என்று அந்த வாரமே கிளம்பினான். போய்ச் சேர்ந்ததும் 'எல்லாம் சரியாவும்' என்று எழுதி ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினான்.

அப்பாவுக்கு ஒரு நாளைக் கூட்டலாம்தான். ஊர் சும்மா இருந்தால்தானே! தாசையனை ஊருக்குப் பிடிக்கும், அதுதான் வினையாகப் போயிற்று. ஜங்ஷனில் கிளப் பையன்கள் அப்பாவின் படத்தோடு ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு வைத்திருந்தார்கள். ஓணம் வாலிபாலில் எடுத்த படம், கழுத்தில் விசிலோடு வாய்விட்டுச் சிரிக்கிறார். மேலே 'ஆதராஞ்சலிகள்'. கீழே பிறந்த தேதி, அதன் பக்கத்தில் செவ்வாய்க்கிழமையின் தேதி. ஆட்டோ ஸ்டாண்டில் இன்னொன்று. வியாபாரிகள் சங்கம் தன் பங்குக்கு மீன் மார்க்கெட் மதிலில் போஸ்டர் ஒட்டியிருந்தது. மலையாளப் பத்திரிகையின் மரண அறிவிப்புப் பக்கத்தில் இரண்டு வரி. சபையில் அச்சடித்த அடக்க ஆராதனைத் தாளின் முதல் பக்கத்தில், 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தது' என்ற சொல்லுக்குக் கீழே அதே தேதி. வேலைக்குப் போகிற வழியெல்லாம் செவ்வாய்க்கிழமை தொங்கியது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமைக்கும் மேலே அப்பா சிரித்தார்.

ஒரு நாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருக்கும் நேரம் பார்த்து, பிஜி அடுக்களைக் கத்தியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஜங்ஷனுக்குப் போனாள். போர்டைக் கட்டியிருந்த கயிற்றில் ஒன்றை அறுத்தாள். அப்பாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. இரண்டாவது கயிற்றில் கத்தி வைக்கும்போது பின்னால் பைக் வந்து நின்றது.

"சேச்சி! எந்தா இது?"

கிளப் செயலாளர் பிரபின். அப்பாவிடம் வாலிபால் பழகியவன். அவன் கண் கத்தியிலும் போர்டிலும் மாறி மாறிப் போனது. "அம்மைக்கு... இந்த வழியா வரும்போ பாக்க முடியல்ல பிரபின். சங்கடம்" என்று வாயில் வந்ததைப் பிஜி சொன்னாள்.

பிரபினுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஐயோ சேச்சி, எங்களுக்கும் அப்படித்தான். சாரோட மொகம் வெயில்ல வெளுத்துப் போச்சு, அதானே? நாங்க நோக்கிக்கிடுதோம், நீங்க போங்க" என்று கத்தியை வாங்கி, பத்திரமாக அவள் பைக்குள்ளேயே போட்டு, அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினான்.

மறுநாள் அதே இடத்தில் புதுப் போர்டு நின்றது. பழையதைவிடப் பெரியது. நாற்பத்தொன்றாம் நாள் வரைக்கும் வெளுக்காத மை என்று பிரபின் போன் செய்து சொன்னான். தேதியைத் தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும்படி சிவப்பில் போட்டிருந்தார்கள். பிஜி அன்று ஜங்ஷனில் இறங்காமல் அடுத்த ஸ்டாப்பில் போய் இறங்கி நடந்து வந்தாள்.

சென்டரில் அதைவிடக் கஷ்டம். மரணப் பதிவு விண்ணப்பம் ஊராருக்கெல்லாம் போட்டுக் கொடுக்கிறவள் அவள்தான். சொந்த அப்பனுக்கும் அவள்தானே போட வேண்டும்? பெயர், வயது, விலாசம், எல்லாம் மடமடவென்று அடித்துவிடுவாள். இறந்த தேதி என்ற கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிடும். செவ்வாய்க்கிழமையின் பதினொன்றை அடிப்பாள், அழிப்பாள். புதன்கிழமையின் பன்னிரண்டை அடிப்பாள். கீழே அந்த டிக் கட்டம் காத்திருக்கும். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வரியை அவள் படித்தாள். தவறான விவரம் தருவது தண்டனைக்குரியது என்று அதில் எழுதியிருந்தது. படித்துவிட்டு, அனுப்பாமல் சேமித்து வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்க எழுந்து போவாள். தினமும் இதே கதை.

"அப்பாவோடது போட்டாச்சா மோளே?" என்று ஓமனா சேச்சி கேட்டாள். "நாள் தாண்டினா ஃபைன் கட்டணும், ஓர்மை உண்டல்லோ? இங்க நம்ம பேரு கெட்டா லைசென்ஸ் போயிடும். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து கப்பலண்டிக் கடலைதான் விக்கணும்." ஓமனா சேச்சி எதார்த்தமாகச் சொல்லிச் சிரித்தாள். பிஜி கையிலிருந்த தம்ளரைக் கீழே வைக்கும்போது தண்ணீர் சிந்தியது.

அந்த வார சனிக்கிழமை காலை, வீட்டில் மேஜைமேல் கிடந்த அப்பாவின் போன் அடித்தது. அந்தப் போனை எடுக்கவும் பயம், அணைத்து வைக்கவும் பயம் என்று பிஜி அதைச் சார்ஜில் போட்டே வைத்திருந்தாள். அம்மாவுக்குப் போனில் பச்சையை அமுக்கத் தெரியும், சிவப்பை அமுக்கத் தெரியாது. பேசி முடித்தால் எதிர்ப்பக்கம் வைக்கட்டும் என்று காதில் வைத்தபடியே நிற்பாள். அம்மா கை நீட்டுவதற்குள் பிஜி பாய்ந்து எடுத்தாள்.

ஒரு பெண் குரல், நல்ல இனிமையான மலையாளம். இன்சூரன்ஸிலிருந்து பேசுகிறோம், பாலிசி புதுப்பித்ததற்கு நன்றி, தாசையன் சாரிடம் இரண்டு கேள்வி மட்டும் கேட்டு உறுதி செய்ய வேண்டும், சார் இருக்கிறாரா?

பிஜிக்கு யோசிக்க நேரம் இல்லை. "அப்பா குளிக்கிறார்" என்று மலையாளத்தில் சொன்னாள்.

"ஓ, சரி. குளிச்சிட்டு வரட்டும். நான் பின்னால கூப்பிடுறேன்" என்று அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

பிஜி திரும்பினாள். அம்மா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள், கையில் முறத்தோடு. அம்மாவின் கண் ஒரு நொடி குளியலறைக் கதவுக்குப் போய்த் திரும்பி வந்தது. சும்மா ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் அம்மா அதை நம்பிவிட்டாள் என்று பிஜிக்குத் தெரிந்தது. தன்னைத்தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "மக்களே, யாருகிட்ட சொன்ன, அப்பா குளிக்காருன்னு?"

இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? பிஜி தரையில் உட்கார்ந்து, மெசேஜ் வந்தது முதல் கத்தி கொண்டுபோனது வரை சொன்னாள். புதன்கிழமை யோசனையையும் சொன்னாள். புதன்கிழமை என்று வந்தபோது அம்மா மாட்டேன் என்பதுபோல் தலையை மெல்ல ஆட்டினாள்.

"புதன்னு நான் எப்பிடிச் சொல்லுவேன் மக்களே? செவ்வாய்க்கிழமை வெளுப்புக்கு நான் தான தொட்டுப் பாத்தேன். தணுத்துக் கெடந்தாரு. கட்டன் ஆறிப் போவுதுன்னு நான் ரெண்டாமதும் விளிச்சேன்." அம்மா முறத்தைக் கையில் எடுத்தாள். "திங்கக்கிழம அந்த ஆபீசுக்குப் போவம்."

"அம்மா, போலீசுல குடுத்துட்டா?"

அம்மா முறத்தோடு அடுக்களைக்குப் போனாள். ஞாயிறு முழுக்கப் பிஜிக்குச் சோறு இறங்கவில்லை. கோயிலில் எல்லாரும் முழங்கால் போட்டு ஜெபித்தபோது அவள் வாய் அசைந்தது, உள்ளே ஓடியது ஜீப்பின் சத்தம்தான். அந்தப் போன் இரண்டு தடவை அதே நம்பரிலிருந்து அடித்தது. அவள் தலையணைக்கு அடியில் வைத்து அமுக்கினாள்.

திங்கட்கிழமை பஸ்ஸில் கிழக்கேகோட்டை இறங்கி, அங்கிருந்து நடந்தே தம்பானூர் பக்கத்திலிருந்த கிளை ஆபீசுக்குப் போனார்கள். வழிநெடுக அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், சின்னப் பிள்ளையை ரோடு கடத்துவதைப் போல. மாடியில் கிளெய்ம் பிரிவில் ஷைலஜா என்று ஒரு மேடம். ஐம்பது வயசு இருக்கும், கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்திருந்தார். ஆரியசாலையில் தமிழ் வியாபாரிகளுக்கு நடுவில் வளர்ந்தவராம், அம்மாவின் பேச்சைக் கேட்டதும் தமிழிலேயே பேசினார்.

"எப்போம்மா இறந்தார்?"

செவ்வாயும் புதனும் ஒன்றாகப் பிஜியின் வாயில் வந்து நின்றன. அம்மா முந்திக்கொண்டாள். "செவ்வாய்க்கிழமை. பதினொண்ணாம் தேதி. விடியக்காலம்."

மேடம் கண்ணாடியை இறக்கிக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "பதினொண்ணாம் தேதி மத்தியானம் அவரே போன்ல பாலிசியைப் புதுப்பிச்சிருக்காரே. ஆரோக்கியமா இருக்கேன்னு டிக்ளரேஷன் வேற குடுத்திருக்கார்."

பேச வேண்டியவள் தான்தான் என்று பிஜிக்குத் தெரியும். அப்போது அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அது நான் செஞ்சது."

மேடம் அம்மாவைப் பார்த்தார். "நீங்களா?"

"ஆமா. பிள்ளைக்கு ஒண்ணும் அறியாது. அவ மார்ச்சுவரிக்குப் போயிருந்தா. நான் தனியா இருந்தேன். மெசேஜ் வந்துது, நான் அமுக்குனேன். கேஸ் உண்டும்னா எம்மேல போடுங்கோ."

நேசமணி பொய் சொல்லி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. மீன்காரி பாக்கிச் சில்லறை தவறுதலாகக் கூடுதல் கொடுத்தால் வெயிலில் ஓடிப்போய்த் திருப்பிக் கொடுக்கிறவள். புருஷன் இறந்த நாளை ஒரு நாள் மாற்றிச் சொல்ல மாட்டேன் என்றவள், மகளுடைய குற்றத்தை மட்டும் தன் பேருக்கு எழுதிக்கொள்ள வந்திருக்கிறாள். இதற்காகத்தான் 'போவம்' என்றாளா? பிஜி திகைத்துப்போய் அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

பிஜி மேஜைமேல் வைத்திருந்த அப்பாவின் போனை மேடம் மெதுவாக அம்மா பக்கம் தள்ளினார். "அப்படியா. இதை ஒண்ணு திறந்து, அந்த மெசேஜைக் காட்டுங்கம்மா."

அம்மா போனை இரண்டு கையாலும் வாங்கினாள். திரை எரிந்தது, நம்பர் கேட்டது. அம்மா அதில் பச்சையைத் தேடினாள். பச்சை இல்லை. பக்கத்திலிருந்த பொத்தானை அமுக்கினாள், திரை அணைந்தது. மறுபடி அமுக்கினாள், எரிந்தது. திரையில் அப்பா விசிலோடு சிரித்தார். "சார்ஜ் இல்ல போலிருக்கு" என்றாள் அம்மா.

பிஜியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. போனை அம்மா கையிலிருந்து எடுத்தாள். "நான்தான் மேடம். அம்மாவுக்கு இதில ஒண்ணும் தெரியாது. நான்தான் டிக் போட்டேன், நான்தான் பணம் கட்டினேன். சனிக்கிழமை உங்க ஆளுகிட்ட அப்பா குளிக்கிறார்னு சொன்னதும் நான்தான். வீடு போயிரும்னு பயந்து செஞ்சேன். என்னை என்ன வேணாலும் செய்யுங்க."

ஷைலஜா மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "மோளே, நீ ஒண்ணையும் தொடாம, மரணச் சான்றிதழோட இங்க வந்திருந்தா போதுமாயிருந்தது. பதினேழு வருஷம் விடாமக் கட்டின பாலிசி. நின்னுபோய் அஞ்சு மாசம்தான் ஆச்சு. இந்த மாதிரிப் பாலிசிக்கு ஒரு சலுகை உண்டு. கட்டாத தவணையைப் பிடிச்சுக்கிட்டு மீதியை அப்படியே குடுத்துடுவோம்."

பிஜிக்கு முதலில் அது காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. ஏறியபோது மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அப்பா சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கிறது. பாலிசி கிடந்தது. செத்து பிரீசருக்குள் கிடந்த அந்த மத்தியானமும் அப்பா வீட்டைக் காத்துக்கொண்டுதான் இருந்தார். அதில் போய்க் கை வைத்தது அவள்.

"இனி?" என்று அம்மா கேட்டாள்.

"நடந்ததை நடந்த மாதிரி எழுதிக் குடுக்கட்டும். இறந்தவர் பேர்ல செஞ்ச புதுப்பிப்பு செல்லாது. அதை எடுத்துட்டா பழைய நிலைமைதான், சலுகைக்கு நானே எழுதுறேன். ஆனா முடிவு என் கையில இல்ல, மேல போகணும். பணம் வரலாம், வராமலும் போகலாம். கேஸ் குடுக்கச் சொன்னாலும் சொல்லுவாங்க, என்னால வாக்கு தர முடியாது." மேடம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பிஜி முன்னால் வைத்தார். "ஒண்ணு மட்டும் சொல்றேன். நாங்க கண்டுபிடிச்சு நீ இங்க வர்றதுக்கும், நீயா வர்றதுக்கும் வித்தியாசம் உண்டு. அதையும் எழுதுவேன்."

பிஜி எழுதினாள். கம்ப்யூட்டரில் மடமடவென்று ஓடும் கை, பேனா பிடித்து ஒரு பக்கம் எழுத ரொம்ப நேரம் எடுத்தது. எழுதியதைக் கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை முழுக்கப் படித்தாள். அம்மா பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெளியே வந்து படி இறங்கும்போது பயம் போய்விடவில்லை. என்றைக்கு வரும் கடிதம், என்ன எழுதியிருக்கும், ஜீப் வருமா வராதா, எல்லாம் அப்படியே நெஞ்சில் கனத்தது. பாதிப் படியில் கைப்பைக்குள் போன் அடித்தது. அதே நம்பர். தலையணைக்கு அடியில் அமுக்க இங்கே தலையணை இல்லை. பிஜி அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவள் மணிக்கட்டை மறுபடி பிடித்துக்கொண்டாள். பிஜி எடுத்தாள்.

"ஹலோ, குட் மார்னிங். இன்சூரன்ஸிலிருந்து பேசறேன்" என்றது அதே இனிமையான குரல். "தாசையன் சார் குளிச்சிட்டு வந்தாச்சா?"

"இல்ல" என்றாள் பிஜி. "அப்பா வரமாட்டார். அப்பா இறந்துபோயாச்சு. செவ்வாய்க்கிழமை."

இத்தனை நாளில் மாவேலிக்கரை மாமாவிலிருந்து எத்தனையோ பேருக்கு அவள் இதைச் சொல்லியிருக்கிறாள். அவள் காதில் விழுந்தது இப்போதுதான். அப்பா இறந்துபோயாச்சு. குளியலறையில் இல்லை, கடையில் இல்லை, கிளப் மைதானத்தில் விசிலோடு இல்லை. அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடிவயிற்றிலிருந்து கிளம்பிய அழுகை ஊர் கேட்க வெளியே வந்தது. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒதுங்கிப் போனார்கள்.

போன் அவள் கையிலிருந்து நழுவி விழப்போனதை அம்மா பிடித்தாள். உள்ளே அந்தப் பெண், "மேடம்? ஹலோ? மேடம்?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா சிவப்பைத் தேடவில்லை. ஒரு கையால் மகளின் தலையைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டு, மறுகையால் போனைக் காதில் வைத்தாள்.

"பிள்ளை அழுகா, மக்களே" என்றாள். "இப்பந்தான் அழுகா. நீ வச்சிரு."